பயற்றஞ்செடிகளுக்கு நோய் வர அனுமதி

பயிர்நோய் விதிகளில் ஒரு விலக்கு உண்டு. நோய் கண்ட செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும் என்ற கட்டளை, ஆராய்ச்சிக்காக வளர்க்கும் செடிகளுக்குப் பொருந்தாது. விலக்கை எழுத்துமூலம் பெற்றிருக்க வேண்டும் என்பது அதே பத்தியின் கடைசி வரி. ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் எனக்கு இது மனப்பாடம். மற்றவர்களுக்கு இந்த வயதில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் நினைவிருக்கும்.

எண்பதுகளின் கடைசியில், எங்கள் தீவின் வடக்கே உட்லண்ட்ஸ் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். எங்கள் ஊர் நீளப் பயற்றங்காய்க்குத் துரு நோய் எளிதில் வரும். இலையில் பழுப்புப் பொடி கட்டி விரலில் ஒட்டும். தேக்கா சந்தை மளிகைக்கடையில் குழம்புக்கு வாங்கிய தட்டைப்பயற்றை விளையாட்டாக ஊன்றிப் பார்த்தேன். நோய் அதைத் தொடவே இல்லை. இரண்டும் ஒரே இனம் என்பதால் கலப்புச் செய்தேன். அடுத்தடுத்த தலைமுறையில் சில செடிகள் தப்பும், சில படுத்துவிடும்.

ஒவ்வொரு செடியிலும் ஓர் இலையைப் பறித்து, டிஎன்ஏவைப் பிரித்து, துண்டாக வெட்டி, எக்ஸ்ரே படத்தில் கோடுகளாகப் பதிய வைப்பது என் வேலை. நோய் வராத செடிகளில் மட்டும் ஒரு கோடு தொடர்ந்து தெரிந்தால், அதுதான் அடையாளம். பிறகு நாற்றின் இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் முதலில் எந்தச் செடிக்கு நோய் வருகிறது என்று தெரிய வேண்டும். அதனால் நோயை நானே தூவினேன்.

உதவிக்கு ஆள் கிடையாது. அந்த ஆண்டோடு திட்டமும் முடிகிறது. படம் பதிய ஒரு வாரம் ஆழ்குளிர்ப் பெட்டியில் கிடக்கும். அந்த வாரம் முழுக்க நான் புக்கிட் மேரா வீட்டில் தனியாக, வானொலியில் செய்தி வாசிப்பவருக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இலைகளில் முதல் பொட்டுகள் எழும்பிய வாரம், பயிர்ப் பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். நம்மவர், இளைஞர்.

"என்ன அண்ணே, செடி எல்லாம் சீக்கா இருக்கு? மருந்து அடிக்கலையா?"

"அடிக்கக் கூடாது தம்பி. நோய் வரணும்னுதான் வளக்கிறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க லீவு எடுத்து ரொம்ப நாளாச்சா?"

"எந்தச் செடிக்கு வரலைன்னு பாக்கணும். இன்னும் மூணு வாரம் போதும்."

"விலக்கு லெட்டர் இருக்கா?"

"விதைக்கறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் போட்டாச்சு."

"கையில இல்லன்னா இல்லதான் லா. பக்கத்துத் தோட்டத்துக்குப் பரவுனா என்னைத்தான் கேப்பாங்க."

"பக்கத்துல ஏது தோட்டம்? அடுக்குமாடி பிளாக்தானே கட்டுறாங்க."

வேலிக்கு அப்பால் நின்ற பாரந்தூக்கியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சரிதான். ஆனா ரூல்ல பிளாக்குன்னு போடலையே. வெள்ளிக்கிழமைக்குள்ள புடுங்கிடுங்க அண்ணே."

கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன், சிரிக்காமல். விலக்கு தரும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். வெள்ளிக்கிழமை வந்தது. நோய் பிடிக்கவே பிடிக்காத செடி எது, இன்னும் பிடிக்காத செடி எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலையில், எல்லாவற்றையும் நானே பிடுங்கி எரித்தேன்.

படம் அதற்குப் பிறகு வெளியே வந்தது. நான் எடுத்ததிலேயே தெளிவான படம். ஒரு கோடு சில செடிகளில் இருந்தது, சிலவற்றில் இல்லை. அது நோயைப் பற்றிய கோடா, பூவின் நிறத்தைப் பற்றியதா என்று சொல்லக்கூடிய செடிகள் சாம்பலாகிவிட்டன.

யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்ததோ என்னவோ, வீட்டுக்கு எடுத்துப் போனேன். மின்தூக்கியில் எதிர்வீட்டு அம்மா உறையைப் பார்த்து, எக்ஸ்ரேயா, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். நெஞ்சு என்றேன். சில நாள் அவர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

விலக்கும் வந்தது. தற்போது வளர்ந்து நிற்கும் செடிகளுக்கு மட்டும், இந்தத் திட்டம் முடியும் வரை, நோயோடு இருக்க அனுமதி. கையொப்பம், முத்திரை, எல்லாம் முறைப்படி. கோப்பில் சேர்ப்பதற்கு முன் கிடைத்த நாளைக் குறிக்க வேண்டும் என்பது விதி. குறித்தேன்: டிசம்பர் 31.