என் கையைப் படித்த எந்திரம்

இப்போது பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்து வைக்கிறேன். பாயான் பாரு தொழிற்சாலையில் என் வேலைக்கு உலை வைத்தது வேறு யாருமில்லை, என் வலது கைதான். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, முடியைவிட மெல்லிய கம்பியை டுவீசரால் பிடித்துத் துளைக்குள் செருகும் வேலை. புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு வராது, செய்துதான் காட்டுவேன். ஒருநாள் நம் தமிழ்ப் பையன், இன்ஜினியர், சென்சார் வைத்த கையுறையோடும் ஒரு கேமராவோடும் வந்தான்.

“அக்கா, உங்களுக்கு இத வாயால சொல்ல வராது லா. பின்மண்டையில சிறுமூளைன்னு ஒண்ணு இருக்கு, கைப்பழக்கமெல்லாம் அங்கதான். நீங்க தப்பு பண்ணப்பண்ண அங்க உள்ள நரம்பு செல்லுங்க தப்பான கனெக்‌ஷனக் கொறச்சிக்கிட்டே வரும். கடைசியில சரியானது நிக்கும். இந்த கிளவ்ஸ் போட்டு வேல செய்யுங்க, எந்திரம் கத்துக்கும்.”

எத்தனை தப்பு, எத்தனை வசவு! அத்தனையும் வீணாகவில்லை என்று ஒருவன் மரியாதையாகச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் பிடிப்பது கையை மட்டும்தான் என்று தெரிந்தும் பவுடர் பூசிக்கொண்டு போனேன். அவ்வளவு சுத்தமாக நான் என்றைக்கும் வேலை செய்ததில்லை. பக்கத்து மேசை அக்காவுக்கும் கையுறை மாட்டினார்கள்; எந்திரம் கற்றுக்கொள்ளக் கூடாதென்று அவர் வேண்டுமென்றே தடுமாறினார். அவரை மனசுக்குள் திட்டினேன். எங்கள் இருவருக்கும் ஒரே நாளில்தான் வேலை போனது.

கடைசி நாள் நான் கிளம்புவதற்கு முன்பே எந்திரம் வந்துவிட்டது. நின்று பார்த்தேன். என் மணிக்கட்டுத் திருப்பம், அச்சு அசல். செருகி முடித்ததும் அது வெடுக்கென்று தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

“இது ஏன்னு தெரியலக்கா,” என்றான் பக்கத்தில் நின்ற இன்ஜினியர் பையன். “ஆனா உங்க எல்லா ரெக்கார்டிங்லயும் இருக்கு. முக்கியமான டெக்னிக்கா இருக்கும்னு விட்டுட்டோம்.”

டெக்னிக்காம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் எனக்குப் பின்னால் நிற்பாள். தப்பாகச் செருகினால் இரும்பு ரூலரால் விரலில் ஒன்று போடுவாள். அவள் செத்தே பல வருடமாகிறது. நானும் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். யாரும் ஒருமுறைகூட அடிக்காத அந்த எந்திரம், ஒவ்வொரு கம்பிக்கும் அவளுக்குப் பயந்து கையை இழுத்துக்கொண்டிருந்தது.

அவனிடம் சொல்லியிருக்கலாம். அதையும் சும்மா கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.