டத்தோவுக்குப் போர்த்திய போர்வை

போன ஞாயிற்றுக்கிழமை டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவரைப் போர்வைக்குள் தொலைத்துவிட்டோம். கொஞ்ச நேரம்தான்... ஆனாலும் தொலைத்தது தொலைத்ததுதானே?

ரெம்பாவ் பக்கம் பழைய ரப்பர் எஸ்டேட் ஆபீஸ் ஒன்றைச் சின்ன அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். பால் வாளி, பால்வெட்டுக் கத்தி, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க அடித்த பெரட்டு மணி, கணக்கெழுதிய கிராணியின் மூக்குக் கண்ணாடி எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன. சாமான் எல்லாம் சரி, ஆட்கள் எங்கே என்று யாரோ கேட்டுவிட்டார்கள். உடனே, தோட்டத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு பழைய துணி கொடுத்து, ஒட்டுப்போர்வை தைத்துச் சுவரில் மாட்டுவது என்று முடிவானது.

தையல் பொறுப்பு கமலா அக்காவுக்கு. செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நைலக்ஸ் சேலை, பள்ளிச் சீருடை, ஒரு கிறிஸ்தவக் குடும்பம் தந்த ஞானஸ்நான கவுன் – எல்லாமே அதில் இடம் பிடித்தன. நட்ட நடுவில் நீலக் கட்டம் போட்ட துண்டு ஒன்று. அக்காவின் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டியபோது போட்ட சட்டை அது. அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மிஞ்சியிருந்தது அந்த ஒரு சட்டைதான். அதையும்தான் அக்கா கத்தரித்துத் தைத்தார்.

திறப்பு விழாத் தலைவர் குணா. தங்கமான மனிதர். ஒரே பலவீனம், பொன்னாடை.

நம் பொன்னாடைப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? தோளில் விழுகிறது, கைதட்டுகிறோம், விருந்தாளியின் காருக்குள் போகிறது, அடுத்த விழாவில் வேறொரு தோளில் ஏறுகிறது. நான் ஒரு பாடகருக்குப் போர்த்திய பொன்னாடை, ஊரெல்லாம் சுற்றி எனக்கே திரும்பி வந்திருக்கிறது. என் வீட்டுக் காப்பிக் கறை அப்படியே இருந்தது.

அன்றைய திட்டம் சுலபமானது. முதலில், சிறப்பு விருந்தினர் டத்தோவுக்குப் பொன்னாடை. பிறகு, தட்டில் மடித்து வைத்திருக்கும் போர்வையை அவர் எடுத்து அருங்காட்சியகத்திடம் ஒப்படைப்பார். ஆனால் பொன்னாடை குணாவின் காரில்... காரோ சாப்பாடு எடுக்கப் போய்விட்டது. அது தெரியாமல் அறிவிப்பாளர் "பொன்னாடை" என்று முழங்கிவிட்டார். குணா பதறித் திரும்பினார். எதிரே தட்டு. தட்டில் பூ, குங்குமம், மடித்த துணி. பழகிய கை சும்மா இருக்குமா?

எடுத்தார், உதறினார், போர்த்தினார். இரட்டைக் கட்டில் அளவுப் போர்வை. டத்தோ கொஞ்சம் குள்ளம். தலை முதல் காலணி வரை ஆளையே காணோம். சபை என்ன செய்தது? கைதட்டியது. நானும்தான்.

போர்த்தியதை உருவினால் அவமரியாதை ஆயிற்றே... யாரும் கிட்டப் போகவில்லை. தலையை மட்டும் எப்படியோ வெளியே எடுத்துக்கொண்டு, டத்தோவும் வேர்க்க விறுவிறுக்கச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு அவருடைய உதவியாளர் போர்வையை அழகாக மடித்துக் காரில் வைத்தார். அடுத்த விழா சுவா என்ற ஊரில். கார் கிளம்பிப் போயே போய்விட்டது.

குணா தலையைச் சொறிந்தார். போர்த்தியதைத் திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை, வேறொன்று தைத்துக்கொள்ளலாம் என்றார்.

"தைக்கலாம் லா தம்பி," என்றார் கமலா அக்கா. "அவரு சட்டைக்கு நான் எங்க போறது?"

நான் கார்ச் சாவியை எடுத்தேன். மூவரும் என் காரில் ஏறிச் சுவாவுக்கு விரட்டினோம்.

அங்கே மண்டபம் நிறைந்த கூட்டம். ஊர் மூத்தவர்களுக்கு டத்தோ கையால் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். மேடையோரம், டத்தோவின் காரிலிருந்து இறக்கி அடுக்கிய பொன்னாடைகள். அடுக்கின் அடியில் நம் போர்வை! அது எந்தப் பெரியவர் தோளில் ஏறுமோ? ஏறிவிட்டால் அவரிடமிருந்து யார் உருவுவது? குணா மேடைக்குப் போய் விளக்குகிறேன் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

அக்கா எழுந்தவர் உட்காரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூத்தவர்கள் வரிசையில் போய் நின்றார். பின்னால் வந்தவர்களையெல்லாம் வற்புறுத்தி முன்னால் அனுப்பினார். இந்தக் காலத்தில் இப்படியும் ஓர் அடக்கமா என்று பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் மெச்சினார்.

கடைசி ஆள் அக்கா. கடைசித் துணி போர்வை. அதை விரித்ததும் டத்தோ ஒரு கணம் தயங்கினார். காலையில் வேர்த்த வேர்வை ஞாபகம் வந்திருக்கும். ஆனாலும் போர்த்தினார். அக்கா கும்பிட்டார், இறங்கினார், நேராக வந்து காரில் ஏறிக்கொண்டார். சபை இதற்கும் கைதட்டியது.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டத்தோவே சிரித்துக்கொண்டு கொடுத்திருப்பார். ஆனால் நாம் கேட்போமா? மரியாதைக்காகச் சொத்தையே விட்டுக்கொடுப்போம், வாயை மட்டும் திறக்க மாட்டோம்.

சாயங்காலம் போர்வை சுவரில் ஏறியது. ஆணி அடித்து முடிக்கும்வரை குணாவை யாரும் பக்கத்தில் விடவில்லை. அக்கா அந்த நீலக் கட்டத் துண்டை ஒரு தடவை நீவிவிட்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார்.

"உயிரோட இருந்தப்ப இவருக்கு ஒருத்தரும் பொன்னாடை போத்தல. இன்னிக்கிப் பாருங்க... இவரே போயி டத்தோ தோள்ல ஏறி உக்காந்துட்டு வந்துட்டாரு."