கல்யாணப் பாட்டில் நான் மாற்றிய வரி

பிள்ளைகளே, கொழும்பு கொட்டாஞ்சேனை அச்சகத்தில் எழுத்துக் கோர்த்த காலத்தில் அப்பா செய்த ஒரு தவறை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

யுத்தத்தில் யாழ்ப்பாணத்து வீட்டை இழந்து வெள்ளவத்தைக்கு வந்திருந்த ஓர் அம்மா, மகளின் கல்யாணத்தில் பாட ஒரு வாழ்த்துப் பாட்டை அச்சடிக்கக் கொண்டுவந்தார். அவர் வீட்டில் வேலை செய்த, மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ராக்கு பாடக் கேட்டு, அவர் எழுதிக்கொண்ட பாட்டு அது. ‘கொழுந்துக் கூடையோடு மலையேறி வந்தவளே’ என்று தொடங்கியது.

“கொழுந்தை எடுத்துப்போட்டுப் பூக்கூடை எண்டு போடுங்கோ தம்பி. சனம் எங்களைத் தோட்டத்தார் எண்டெல்லே நினைக்கும். மேல ‘எங்கள் ஊர்ப் பழம்பாடல்’ எண்டும் போடுங்கோ.”

“ஓம் அம்மா” என்று அப்படியே கோர்த்தேன்.

தாள்களை மண்டபத்துக்கு நானே கொண்டுபோனேன். எல்லோரும் பாடி முடித்ததும், எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த ராக்கு என்னிடம் வந்தாள்.

“பூக்கூடையோட எவளாச்சும் மலையேறுவாளா ஐயா? இது எங்கம்மா தெய்வானை என் கல்யாணத்துக்குக் கட்டுன பாட்டு.”

ராக்கு சொன்னதை மணமகளின் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“வீடும் போச்சு, ஊரும் போச்சு. ஒரு பாட்டாவது எங்கட எண்டு இருக்கட்டுமே” என்றார்.

அவருடைய துயரம் எனக்கும் தெரியும். ஆனால் பறிகொடுத்த வலி தெரிந்தவரே இன்னொருத்தியின் தாய் கட்டியதைப் பறிக்கலாமா? அதற்குக் கைகொடுத்த என்மேல் உள்ள கோபம் இன்றும் ஆறவில்லை. பழம்பாடல் என்று எழுதி எத்தனை தெய்வானைகளை அழித்தோமோ!

ஞாயிற்றுக்கிழமை தனியாக அச்சகத்தைத் திறந்து, ராக்கு பாடியிருந்ததுபோலவே ‘கொழுந்துக் கூடை’ என்று பாட்டை மறுபடி கோர்த்தேன். ‘கட்டியவர்: தெய்வானை’ என்று மேலே போட்டு ஒரேயொரு தாள் அடித்து, அவளிடம் கொடுக்க உறையில் வைத்து, மேலே ராக்குவின் பெயரை எழுதினேன்.