ஐஸில் நான் தேய்த்த இடம்

எண்பதுகளில், அகதி வழக்கு முடியாமல் இருந்தபோது, துன் என்ற ஐரோப்பிய நகரத்து ஐஸ் மண்டபத்தில் கிளீனிங் வேலை செய்தேன். அங்கே கேர்லிங் ஆடுவார்கள். கனத்த கல்லை ஐஸில் வழுக்கிவிட்டு, அதன் முன்னே தும்புத்தடி எனும் நீண்ட துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டு போகும் விளையாட்டு அது. தடி கல்லில் படக்கூடாது.

ஒரு போட்டியன்று காலை ஐஸின் மேலெல்லாம் உறைந்த நீர்த்துளிகள் பொட்டுப் பொட்டாகக் கிடந்தன. அழுக்கென்று நினைத்து ஒரு மூலையைச் சுடுதண்ணீரால் தேய்த்துவிட்டேன். கல் ஓடுவதே அந்தப் பொட்டுகளின் மேல்தானாம். ஆட்டத்தில் அங்கே வந்த கல்லெல்லாம் இழுபட்டு நின்றது. வேலை போனால் போகட்டும், நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டால்? வாயைத் திறக்கவில்லை.

கடைசிக் கல்லில் ஓர் அணியின் தலைவி கையை உயர்த்தினார்.

"என்ர தும்புத்தடி கல்லில பட்டிட்டுது."

ஒருவரும் அதைக் காணவில்லை. தன் பிழையைத் தானே சொல்வதுதான் அந்த ஆட்டத்தின் வழக்கமாம். தோற்றார். அந்த ஆண்டுக்கு அவருடைய போட்டிகளும் அத்துடன் முடிந்தன.

நடுங்கிக்கொண்டே அவரிடம் போனேன். "ஐஸைப் பழுதாக்கினது நான்."

"தெரியும். உங்கட சப்பாத்துத் தடம் கிடந்தது."

"ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"உங்கட பிழை. நீங்கள்தானே சொல்ல வேணும்."

மேலாளரின் கதவுவரை கூடவே வந்து, தள்ளி நின்றார். நான்தான் தட்டி, உள்ளே போய்ச் சொன்னேன். வேலை போகவில்லை.

இன்றைக்கும் ஒரு பிழையைச் சொல்லப் போனால் அதே நடுக்கம்தான். கூடவர ஆளில்லை, நானே நடக்கிறேன்.