லம்பாசாவில் தங்கிய பின்னல்

சரோஜுக்கு மூக்கால் ஒரு ‘ஹும்’ விடத் தெரியும். கரும்பு விளையும் தீவு ஊரான லம்பாசாவில் பாதிப் பெண்கள் அதற்குப் பயந்தார்கள். ஊர்க் கடைத்தெருவான நசியாவில் மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்ட பார்லர் அவளுடையது. அங்கே இருபத்தைந்து வருஷமாகப் பெண்களுக்கு முடி வெட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்தவள் எந்தப் பொய்யைச் சொன்னாலும் பின்னாலிருந்து அந்த ‘ஹும்’ வரும். கழுத்தருகே கத்திரி இருப்பதால் யாரும் திரும்பிச் சண்டைக்குப் போனதில்லை.

அப்பா அப்பல்சாமிக்கு ஊருக்கு வெளியே பத்து ஏக்கர் குத்தகைக் கரும்பு. நம் வீட்டுப் பெண் ஊரார் தலையைத் தொடுவதா என்று அவர் ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. குத்தகை முடிந்து நிலம் கைவிட்டுப் போனபிறகு அந்தக் கத்திரிதான் அவருக்கும் சோறு போட்டது. அப்போதாவது ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. புருஷன் கமலேஷ் கரும்பு லாரி ஓட்டியவர், நெஞ்சுவலியில் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகன் ஷாலேஷ் படித்து முடித்ததும் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான்.

ராணுவம் ஆட்சியைக் கவிழ்ப்பதற்கு ஊரில் ‘கூ’ என்று பெயர். எண்பத்தேழில் ஒரே வருஷத்தில் இரண்டு கூ வந்தது. இரண்டாயிரத்தில் ஒன்று, இரண்டாயிரத்து ஆறில் இன்னொன்று. ஒவ்வொரு கூவுக்குப் பிறகும் பார்லரில் கூட்டம் கூடும். விசா வந்தவள் முதலில் வருவது சரோஜிடம்தான். அங்கே குளிர், அங்கே நேரமில்லை, அங்கே எல்லோரும் தோளோடுதான் வைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லிப் பின்னலை வெட்டிக்கொள்வாள். எழுந்திருக்கும்போது ஒருத்தி விடாமல் ஒரே வசனத்தைச் சொல்வாள்: “அக்கா, வருஷா வருஷம் வந்து உங்கள பாப்பேன்.” சரோஜ் ‘ஹும்’ விடுவாள். அப்படிப் போனவர்களில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர், சாவுக்கு வந்தவள் ஒருத்தி. மற்றவர்களுக்கு லம்பாசா எந்தத் திசையில் இருக்கிறது என்பதே மறந்துபோயிருக்கும் என்பது சரோஜின் கணிப்பு.

இப்படி ஊர் முடியையெல்லாம் வெட்டியவள் தன் முடியில் மட்டும் கத்திரி பட விட்டதில்லை. ஐம்பத்தொரு வயதிலும் இடுப்புக்குக் கீழே இறங்கும் பின்னல். தினமும் தேங்காயெண்ணெய். பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கடை திறக்கும்போது வழியில் போகிற பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். அது அவளுக்குப் பிடிக்கும், ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பார்லருக்குப் பின்னால் இருந்த தகர வீட்டில் ஜான்கி குடியிருந்தாள். மார்க்கெட்டில் கீரையும் மரவள்ளியும் விற்பவள். அவள் மகள் அஷிகாவுக்குப் பன்னிரண்டு வயது, ரத்தத்தில் நோய். கடல் தாண்டித் தலைநகர் சுவாவில் நாலு மாதம் மருந்து ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். உடம்பு தேறி வந்தது, தலை மட்டும் மொட்டையாகியிருந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முடியில்லாமல் போக மாட்டேன் என்று பெண் சொல்லிவிட்டாள். ஒரு வருஷப் படிப்பு ஏற்கெனவே போயிருந்தது. இன்னொன்றும் போனால் இனி எங்கே படிக்கப்போகிறாள் என்று ஜான்கி தினமும் சரோஜிடம் அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சுஷீலாவின் லேடீஸ் கமிட்டிக்குக் கருணை பொங்கியது. சுஷீலா பெரிய ஹார்டுவேர் கடைக்காரர் மனைவி. வெள்ளம் வந்தால் பிஸ்கட், புயல் வந்தால் போர்வை, எது கொடுத்தாலும் பக்கத்தில் ஒரு போட்டோக்காரன். அந்த வருஷம் நோய்ப்பட்ட குழந்தைகளுக்கு விக் செய்ய முடிதானம். வெளிநாட்டில் விக் செய்கிற ஒரு தர்ம ஸ்தாபனத்தின் விலாசத்தை யாரோ கொடுத்திருந்தார்கள். கோயில் ஹாலில் மேடை போட்டாள். அஷிகாவைக் கூட்டிவந்து மேடை நடுவில் உட்கார வைத்து, தலைத்துணியை அவிழ்க்கச் சொல்லி, முதல் விக் நம் லம்பாசாக் குழந்தைக்குத்தான் என்று மைக்கில் அறிவித்தாள். சனம் கைதட்டியது. அஷிகா வெறுந்தலையோடு உட்கார்ந்து அதை நம்பினாள். கத்திரியோடு ஓரத்தில் நின்ற சரோஜுக்கு அது பொறுக்கவில்லை. ஆனாலும் விக் வருமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

அன்று இருபத்துமூன்று பின்னல் வெட்டினாள். அதில் வினீதாவின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வினீதா பள்ளிக்கூட டீச்சர். விசா வந்தால் மொட்டை போடுகிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவள். விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட் படத்தில் நீளமுடி இருக்கிறது, மொட்டைத் தலையோடு போய் நின்றால் ஏர்போர்ட்டில் ஆள் வேறு என்று திருப்பிவிடுவார்கள் என்று இப்போது பயம். அதனால் நுனியில் ஒரு அடி மட்டும் தானம் கொடுத்து, அம்மனிடமும் அதையே கணக்குக் காட்டிவிடப் பார்த்தாள். விசா முடிக்கா கொடுத்தான், மூஞ்சிக்குத்தானே கொடுத்தான் என்று சரோஜ் எல்லோரும் கேட்கும்படி நொடித்தாள். ஹால் சிரித்தது. வினீதாவின் முகம் சுண்டிப்போனது.

ஸ்தாபனம் அனுப்பிய தாளில் விவரம் தெளிவாக இருந்தது. முடி உலர்ந்திருக்க வேண்டும், எண்ணெய் கூடாது, இரண்டு முனையிலும் கட்டி உறையில் போட வேண்டும், வேறு எதுவும் சேரக் கூடாது. சரோஜ் அதை உரக்கப் படித்தாள். சுஷீலாவுக்கு அது அபசகுனமாகப் பட்டது. தானம் போகிற பொருள் சாமி பார்க்காமல் போகலாமா? பின்னல்களைத் தட்டில் அடுக்கி அம்மன் முன் வைத்தார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பின்னலுக்கொரு சாமந்தி செருகினார்கள். காய்ந்து கிடக்கிறதே என்று ஒருத்தி எண்ணெய் வேறு தடவினாள். கடைசியில் தாழை ஓலையில் முடைந்த புதுக்கூடையில் ஈரத்தோடு அடைத்துத் துணியால் தைத்தார்கள். இது உருப்படாது என்று சரோஜ் சொன்னாள். முடி வெட்டுகிறவள் வெட்டினால் போதும் என்று சுஷீலா பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பதில் கடிதம் டிசம்பரில் வந்தது. கமிட்டிக்கென்று தபால் பெட்டி கிடையாது, பார்லரின் பெட்டி எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். அதனால் சரோஜ்தான் முதலில் பிரித்தாள். அந்த நாட்டு விமான நிலையத்தில் கூடையைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே அழுகிய பூ, பச்சை ஓலை, பூசணம் பிடித்த முடி. சட்டப்படி மொத்தத்தையும் எரித்துவிட்டார்கள். நல்ல எண்ணத்துக்கு நன்றி. தவிர, விக் தங்கள் நாட்டில் வசிக்கிற குழந்தைகளுக்கு மட்டும்தான், லம்பாசாவுக்கு அனுப்ப வழியில்லை, வருந்துகிறோம்.

சரோஜ் கடையைச் சாத்திவிட்டு நேரே சுஷீலா வீட்டுக்குப் போனாள். சுஷீலா கடிதத்தைப் படித்து, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். நன்கொடைச் சான்றிதழெல்லாம் லேமினேட் பண்ணிக் கொடுத்தாகிவிட்டது, இனி என்ன செய்வது என்றாள்.

“சரோஜ், இத வெளிய சொல்லாத. நல்ல மனசோட குடுத்தாங்க. சாமிக்குத் தெரியும்.”

“சாமிக்குத் தெரியும். அஷிகாவுக்கு யாரு சொல்றது?”

நல்ல தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தால் போகிறது என்றாள் சுஷீலா. அந்த வார ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடி பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மைக்கிலும் சொன்னாள். வாய் கூசவில்லை. பின்னல் இழந்த பெண்கள் கைதட்டினார்கள். இந்த ஊரிலிருந்து டாக்டர் போனான், நர்ஸ் போனாள், டீச்சர் போனாள், கடைசியில் முடியும் போய்ச் சாம்பலாகிவிட்டது, நம்மவர்களுக்கு அனுப்பத்தான் தெரியும் என்று சரோஜ் மார்க்கெட் வரை சொல்லிக்கொண்டே நடந்தாள். பேசி முடித்தால் ஆறுமென்று நினைத்தாள், ஆறவில்லை.

அஷிகாவிடம் சொல்ல வேண்டிய வேலை அவள் தலையில்தான் விழுந்தது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அரைகுறை, இந்தியில்தான் சொன்னாள். கமிட்டியைத் திட்டினாள், பூசாரியைத் திட்டினாள், மாரியம்மனைப் பாதித் திட்டோடு விட்டு வினீதாவை முழுதாகத் திட்டினாள். அஷிகா அழவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, சரோஜின் தோள்வழியே தொங்கிய பின்னலைப் பார்த்தாள்.

“மௌசி, ஒங்ககிட்ட இவ்வளவு இருக்கே. நீங்க ஏன் குடுக்கல?” என்று கேட்டாள். மௌசி என்றால் இந்தியில் சித்தி.

குற்றம் சொல்லிக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். சரோஜ் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

உள்ளே அலமாரியில், சேலைக்கு அடியில், அவளுடைய பாஸ்போர்ட் இருந்தது. ஷாலேஷ் அம்மாவுக்கு விசா கேட்டு எழுதிப் போட்டிருந்தான், பங்குனியில் சுவாவில் நேரில் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். இருபத்தைந்து வருஷமாகப் போகிறவளையெல்லாம் எள்ளி நகையாடியவள் இதை ஒரு சுண்டெலியிடம்கூடச் சொல்லவில்லை. மகன் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: படத்தில் இருக்கிற மாதிரியே வா அம்மா, முடியை எதுவும் செய்துவிடாதே. அவளும் சரி என்றிருந்தாள். வினீதாவை ஊர் சிரிக்க வைத்த அன்று அவள் தலைக்குள்ளும் அதே பயம்தான் இருந்தது. இப்போது அது தெரிந்ததும் அவளுக்குத் தன்மேல் வந்த வெறுப்பு, சுஷீலாமேல்கூட அவ்வளவு வந்ததில்லை.

மூன்று நாள் ஷாம்பு போட்டுத் தலையை அலசினாள். முப்பது வருஷ எண்ணெய் லேசில் போகவில்லை. நாலாம் நாள் காலையில் வெயிலில் உட்கார்ந்து நன்றாக உலர்த்தி, பின்னி, மேலும் கீழும் இறுக்கிக் கட்டினாள். பிறகு அஷிகாவைக் கூப்பிட்டாள். வாடிக்கையாளர் நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு கத்திரியை அவள் கையில் கொடுத்தாள்.

“வெட்டு. கோணலாப் போனா போவட்டும்.”

கோணலாகத்தான் போனது. கண்ணாடியில் தெரிந்தவளைப் பார்த்து, சுருட்டு பிடிக்கிற கிழவன் மாதிரி இருக்கிறாய் என்று சரோஜ் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அஷிகா விழுந்து விழுந்து சிரித்தாள். நோய் வந்தபின் அவள் அப்படிச் சிரித்து ஜான்கி பார்த்ததில்லை.

ஒரு பின்னலில் முழு விக் ஆகாது. தலையளவுக்கு மெல்லிய துணித்தொப்பி தைத்து, முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து நாடாவில் வைத்துத் தையல் மிஷினில் ஓட்டி, அந்த நாடாவைத் தொப்பியின் ஓரத்தில் சுற்றிச் சுற்றித் தைத்தாள். உச்சியை ஒரு தலைத்துணி மறைத்துக்கொள்ளும். மூன்று ஊசி உடைந்தது. முடித்துக் கொடுத்தபோது அஷிகா மோந்து பார்த்து, தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் அடிக்கிறது, நடுவில் நரை வேறு இருக்கிறது என்று குறை சொன்னாள். சரோஜ் ஒவ்வொரு நரையாகப் பிடுங்கிப் போட்டாள். ஜனவரிக் கடைசியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று, தோளில் முடி புரள அஷிகா பஸ் ஏறினாள். ஜான்கி அன்று மார்க்கெட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாள்.

பங்குனியில் சரோஜ் கப்பலேறி சுவாவுக்குப் போனாள். முடி எங்கே என்று கேட்டால் சொல்வதற்காக, டாக்டர் சீட்டு, அஷிகாவின் படம், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் கடிதம் எல்லாம் பையில் வைத்திருந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரிப் பெண் படத்தை ஒரு முறை பார்த்தாள், இவளை ஒரு முறை பார்த்தாள், மகனின் சம்பளச் சீட்டைக் கேட்டாள். அவ்வளவுதான். முடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்காகவா அந்தக் குழந்தையை மேடையில் வெறுந்தலையோடு உட்கார விட்டுவிட்டு நான் என் பின்னலைத் தடவிக்கொண்டு நின்றேன் என்று, திரும்பி வருகிற வழியெல்லாம் சரோஜ் தன்னையே காறித் துப்பினாள்.

மே மாதம் விசா வந்தது. இனி மறைக்க முடியாது. சனிக்கிழமை அஷிகா பார்லருக்கு வந்து, மற்றப் பெண்களைப் போலவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, காதோரம் ஒழுங்காக இல்லை, சரி செய்யுங்கள் என்றாள். சரோஜ் கத்திரியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்று விஷயத்தைச் சொன்னாள்.

அஷிகா தோளில் புரண்ட முடியைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க போயிட்டா இத யாரு வெட்டுவா?”

“இது வளராதுடி. வெட்டற வேலையே இல்ல.”

“என்னோடது வளருமே, மௌசி.”

தொப்பி ஓரத்தை விரலால் தூக்கிக் காட்டினாள். அடியில், பாசி மாதிரி, கறுப்பாக அரை விரல் முளைத்திருந்தது. சரோஜ் என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமல் வாய் திறந்துவிட்டாள்.

“வளரட்டும். நா வந்து வெட்டறேன். வருஷா வருஷம் வருவேன்.”

அஷிகா கண்ணாடியில் அவளை நேராகப் பார்த்து மூக்கால் ஒரு ‘ஹும்’ விட்டாள், கழுத்தருகே கத்திரி இருந்தும்.