வளையத்தில் ஒட்டிய சூடம்

காலையில் நான் முதலில் செய்கிற வேலை, என் மேலிருக்கும் வாசனையையெல்லாம் கழுவுவது. ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் தலைக்கு எண்ணெய், கைக்கு கிரீம், பவுடர், சென்ட் எதற்கும் அனுமதி இல்லை. இரத்தம் படுகிற மருத்துவக் கருவிகளைத் தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் வெதுவெதுப்பாக ஊறவைக்கிறோம். ஊறிய நீரில் என்னென்ன கசிந்திருக்கிறது என்று இயந்திரம் கோடாக வரைந்து காட்டும். கோடு தட்டையாக இருந்தால் நிம்மதி. எங்காவது மேடு எழும்பினால், அது என்ன, நோயாளியை என்ன செய்யும் என்று கண்டுபிடித்தாக வேண்டும். தேங்காயெண்ணெய் வழிய வழியச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் போனவளுக்கு இப்படியொரு வேலை வாய்த்ததை நினைத்தால் இன்னமும் சிரிப்பு வரும்.

விருத்தாசலத்தில் என் அக்கா செல்வி செராமிக் யூனிட் வைத்திருக்கிறாள். பீங்கான் பியூஸ் கேரியரும் பொம்மையுமாக ஓடிக்கொண்டிருந்தது; இப்போது மாதத்தில் பாதி நாள் சூளை அணைந்து கிடக்கிறது. இரத்தம் இறைக்கும் பம்புக்கு ஒரு சின்ன வெள்ளை வளையம் செய்துதர முடியுமா என்று இங்குள்ள ஒரு கம்பெனி அவளைக் கேட்டது. சோதனையில் தேறினால்தான் ஆர்டர். ஆர்டர் வராவிட்டால் யூனிட்டை மூடிவிடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். மாதிரி எங்கள் கூடத்துக்கே வந்து சேர்ந்தது. செய்தது என் அக்கா என்று மேலாளரிடம் சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். பக்கத்து மேசை மிரியம் அதை எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் அவள் என்னைக் கூப்பிட்டாள். இருக்கக் கூடாத இடத்தில் பெரிய மேடு. “கேம்ஃபர். சுட்ட களிமண்ணில் இது எப்படி வரும்?” என்றாள். சூடம், எங்கள் ஊரில் சாமிக்கு ஏற்றுவது என்றேன். “அப்படியானால் கிருமிநாசினியா?” இல்லை, கும்பிடுவதற்கு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘மதம் சார்ந்த சுத்திகரிப்பு’ என்று குறித்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கம்பெனி முடிவைத் தெரிவித்த அன்று அக்காவே போன் செய்தாள்.

“தேறலன்னுட்டாங்கடி. என்னா தப்பு பண்ணுனேன் நானு?”

“பேக் பண்றதுக்கு முன்னாடி சூடம் காட்டுனியாக்கா?”

“பின்ன? மொத மாலு வெளிநாடு போவுது. தாம்பாளத்துல பரப்பி வச்சி நல்லாவே காட்டுனேன். வேல செய்யிற பொண்ணுங்க எல்லாம் தொட்டுக் கும்புட்டாங்க.”

“அந்தப் பொகதாங்க்கா வளையத்துல ஒட்டிக்கினு இருக்குது.”

“சாமிக்குக் காட்டாத மால நான் அனுப்ப மாட்டேன்” என்றாள் அக்கா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கு இந்தக் கோபம் தெரியும். அதில் பாதி ஊர்க்காரர்கள் மேல், மீதி நம்மை இப்படிப் பேசவைக்கிற நாட்டின் மேல். யாரோ ஒரு நோயாளியின் இரத்தத்தில் சூடம் கலக்க வேண்டியதில்லை, தேறவில்லை என்ற முடிவு சரிதான். அதற்காக அக்காவை விட்டுவிடவும் எனக்கு மனசில்லை.

“சூளையில அடுக்குறதுக்கு முன்னாடியே காட்டிடுக்கா, பச்ச வளையத்துக்கு. அந்தச் சூட்டுல ஒண்ணும் நிக்காது. எடுத்தப்புறம் உறை போட்ட கையால கழுவி, அப்பிடியே கட்டிடு.”

“சாமிக்கு அது ஆவுமாடி?”

“எரியறதுக்குத்தானக்கா சூடமே.”

அக்கா சிரித்துவிட்டாள். கம்பெனியிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்டு வாங்கி, மறுபடி சுட்டு அனுப்பினாள். இந்த முறை மிரியம் கூப்பிட்டபோது திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது. “ஒன்றுமே வரவில்லை” என்றாள் சந்தோஷமாக. ஆர்டர் உறுதியானதும் அக்கா போனில் அழுதாள், நானும் அழுதேன். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தபோது மனசு ஒரு மாதிரி இருந்தது. எங்கள் ஊரிலிருந்து எதுவும் கசிந்து வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான்தானே.

முதல் மாதிரியில் ஊறவைக்காத வளையம் ஒன்று மிச்சமிருந்தது. குப்பைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டில் ஒரு மூடிபோட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். காலையில் குளித்து, எந்த வாசனையும் இல்லாமல் கிளம்பும்போது டப்பாவைத் திறந்து ஒருமுறை மோந்து பார்ப்பேன். பிறகு மறுபடியும் போய்க் கை கழுவுவேன்.