ஜெர்மனியில் நான், வீட்டில் மதினி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆவணி மாதம் நடந்தது இது. அப்போது எங்கள் மகளுக்கு ஏழரை மாதம். குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். துணி எவ்வளவு சீக்கிரம் தண்ணீரை உறிஞ்சுகிறது, இழை எண்ணிக்கை சரியா என்றெல்லாம் சோதித்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஜெர்மனியில் எங்களிடம் துணி வாங்கும் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. அனுப்பிய சரக்கில் ஒரு பகுதி தண்ணீரைச் சரியாக உறிஞ்சவில்லையாம். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவரே நேரில் வந்து தங்கள் முன்னால் சோதித்துக் காட்டட்டும் என்றார்கள். கையெழுத்து என்னுடையது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, போக முடியுமா என்று கேட்டார். கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த ஆர்டர் போனால் ஒரு ஷிப்டையே நிறுத்த வேண்டியிருக்கும் என்று எனக்கும் தெரியும். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

என் கணவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு அம்மா இல்லை. என் அம்மா திருப்பூரில் அண்ணன் வீட்டில் முட்டி ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். அதனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இவர் ஒருவர்தான். கொஞ்சம்கூட யோசிக்காமல், ஒரு வாரம் கடையைப் பூட்டிவிட்டால் போச்சு, போய் வா என்று சொல்லிவிட்டார்.

வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னவர் மதினி மட்டும்தான். மதினி என்றால் என் கணவரின் அக்கா. எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமமான மம்சாபுரத்தில் இருக்கிறார். வயல் வேலைக்கு, தோப்பு வேலைக்கு என்று தினக்கூலிக்குப் போகிறவர். இரண்டு பெண்களுக்குப் பிறகு ரொம்ப வருடம் கழித்துப் பிறந்த பையனுக்கு அப்போது பதினோரு மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஜெர்மனி போகிற விஷயத்தை இவர் சொன்னதும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பால்குடி மறக்காத பிள்ளைய விட்டுட்டு அம்புட்டு தூரம் போகணுமா? வேற ஆளே இல்லையா கம்பெனியில?"

அவர் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அதே கேள்வியை நான் ஒரு வாரமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்ததால் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது.

"பொறுப்பான வேலையில இருந்தாத்தான் அதெல்லாம் புரியும் மதினி" என்று சொல்லிவிட்டேன்.

பிரசவமாகி மூன்றாம் மாதமே பிள்ளையை மரத்தடியில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு நாற்று நட்டவர் அவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். அவர் பையனுக்குச் சட்டையை மாட்டி, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். இவர் என்னைத் திட்டவில்லை. அன்று முழுக்க என்னிடம் சரியாகப் பேசவும் இல்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு போன் போட்டிருக்கலாம். விசா, டிக்கெட் என்று அலைந்த மூன்று வாரத்தில் அதற்கு நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பாலைப் பம்ப் வைத்து எடுத்து, சின்னச் சின்னப் பைகளில் ஊற்றி, தேதி எழுதி ஃப்ரீசரில் அடுக்கினேன். இவர் மடியில் வைத்துப் பாட்டிலில் கொடுத்துப் பார்த்தார். குடித்தாள். கேழ்வரகுக் கூழும் இரண்டு வேளை சாப்பிட்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மதுரையில் விமானம் ஏறினேன். மார்க்கெட்டிங் பிரிவிலிருந்து வயதான சார் ஒருவரும் கூட வந்தார். ஏர்போர்ட்டில் நான் அழவில்லை. சென்னையில் இறங்கி அடுத்த விமானத்துக்கு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் எவர் பிள்ளையோ சிணுங்கியது. எனக்கு மார்பு கனத்து ரவிக்கை நனைந்துவிட்டது. அப்போதுதான் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் பேசினேன். பாப்பா இவர் மடியில் உட்கார்ந்து பாட்டில் குடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலையிலும் பேசினேன். ஊரில் அப்போது வெயில் ஏறிவிட்டிருந்தது. இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, ஒன்றும் பிரச்சினை இல்லை, நீ வேலையைப் பார் என்று சீக்கிரம் வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம், நம்மூரில் சாயங்கால நேரம், மீட்டிங் இடைவேளையில் வீடியோ கால் போட்டேன். எடுக்கவில்லை. மூன்று முறை போட்ட பிறகு அவரே சாதாரண காலில் வந்து, பாப்பா தூங்குகிறாள் என்றார். மறுநாள் கூப்பிட்டால் சிக்னல் சரியில்லை என்றார். அப்புறம் கூப்பிட்டால் சார்ஜ் இல்லை என்றார். குரல் மட்டும்தான் வந்தது, பிள்ளையைக் காட்டவே இல்லை. ஒரு முறை பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. யார் என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டு அக்கா என்றார். குழந்தைகள் அழும் சத்தமும் கேட்டது. ஒரு பிள்ளை இல்லை, இரண்டு.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், என்னிடம் மறைக்கிறார்கள். குழந்தைகள் வார்டு, பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பிள்ளை, கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருக்கிறார்கள் என்று கண்ணெதிரே படமாக ஓடியது.

அந்த மனநிலையில்தான் செவ்வாய்க்கிழமை அவர்களுடைய சோதனைக்கூடத்தில் நின்றேன். சோதனை ரொம்ப எளிது. சின்னக் கம்பிக்கூடையில் துணியை வைத்துத் தண்ணீரில் விட வேண்டும். பத்து விநாடிக்குள் முழுகிவிட்டால் நல்ல துணி. முதல் மூன்று துணிக்கட்டுகளிலிருந்து எடுத்தது முழுகியது. நான்காவது கட்டு மிதந்தது. இன்னொரு துண்டு வெட்டிப் போட்டேன். அதுவும் மிதந்தது. வெளுக்கும்போது பஞ்சில் இயல்பாகவே இருக்கும் மெழுகு முழுதாகப் போகவில்லை என்று பார்த்ததும் புரிந்தது. சார் என் முகத்தைப் பார்த்தார். ஒரே தடவையில் வெளுத்த இந்த ஒரு கட்டு வரிசையில் தப்பு எங்களுடையதுதான், மற்றது எல்லாம் சரியாக இருக்கிறது, நீங்களே எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சாமர்த்தியமாகப் பேசும் தெம்பு எனக்கு இல்லை. அதனாலேயே உண்மையைச் சொன்னேனோ என்னவோ.

அவர்கள் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் போட ஆரம்பித்தார்கள். நேரம் இழுத்தது. எனக்குப் பால் கட்டி, கையைத் தூக்க முடியாத வலி. நனைந்தது தெரியாமல் இருக்க ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அந்த சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் அதைக் கவனித்திருக்கிறார். ஒன்றும் கேட்காமல் என்னை ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போய், உள்ளே நாற்காலியைப் போட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கொண்டுபோயிருந்த பம்ப்பில் எடுத்த பாலை நாலு நாள் கெடாமல் வைத்து ஊருக்குக் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை. வாஷ்பேசினில்தான் ஊற்றினேன். அந்த ஐந்து நாளும் அப்படித்தான். ஊற்றும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

புதன்கிழமை கூப்பிட்டு இவரிடம் சத்தம் போட்டுவிட்டேன். இப்போதே பிள்ளையைக் காட்டாவிட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவேன் என்றேன். இரண்டு நிமிடம் கழித்து வீடியோவில் வந்தார். பாப்பா எங்கள் வீட்டுக் கட்டிலில் வயிறு நிறைந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் டேப் எதுவும் இல்லை. உயிர் வந்தது. ஆனாலும் என்னவோ இருக்கிறது என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

சோதனை நல்லபடியாக முடிந்தது. அந்த ஒரு வரிசையை மாற்றிக் கொடுத்தால் போதும், ஆர்டர் தொடரும் என்றார்கள். வியாழக்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை மத்தியானம் மதுரையில் இறங்கினேன். விமான நிலையத்துக்கு இவர் வரவில்லை, டாக்ஸி அனுப்பியிருந்தார். ஊருக்குச் சற்று முன்னால் கிருஷ்ணன்கோவில் தாண்டும்போதே டிரைவர் தம்பியிடம் இன்னும் எவ்வளவு நேரம் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே போனேன். தரையில் பாய் விரித்து மதினி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பையன் ஒரு டம்ளரை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். மடியில் என் மகள். மதினியின் சேலைக்குள் முகம் புதைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நன்றி தோன்றவில்லை. என் பொருளை வேறு ஒருவர் எடுத்துக்கொண்ட மாதிரி ஆத்திரம்தான் வந்தது.

மதினி என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, சேலையைச் சரிசெய்து, பிள்ளையைத் தூக்கி நீட்டினார். "இந்தா, ஒங்கம்மா வந்துட்டா பாரு" என்றார். பாப்பா என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி மதினியின் தோளில் முகத்தை ஒளித்துக்கொண்டாள். குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

வெளியே வந்ததும் இவர் நடந்ததைச் சொன்னார். திங்கட்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திர மின்தடை. காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்திருக்கிறது. நான் ஊருக்குக் கிளம்பும் பரபரப்பில் அந்தத் தேதியைக் கவனிக்கவே இல்லை. எங்களுடையது பழைய ஃப்ரிட்ஜ், மத்தியானத்துக்குள்ளேயே ஃப்ரீசரில் இருந்த பால் முழுக்க உருகி வாடை வந்துவிட்டது. மாவுப் பால் வாங்கிக் கரைத்துக் கொடுத்தால் பாப்பா குடித்த வேகத்தில் வாந்தி எடுத்தாள். அப்புறம் பாட்டிலைக் கண்டாலே கத்தினாள். கூழையும் துப்பினாள். மத்தியானத்திலிருந்து நாலு மணி வரை ஒரே அழுகை. வேறு வழி தெரியாமல் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார். மதினி அடுத்த பஸ்ஸில் பையனோடு வந்துவிட்டார். வழியிலேயே அவர்கள் ஊர் நர்ஸ் அம்மாவிடம் போனில் கேட்டு, அந்த நர்ஸ் தன்னிடம் இருந்த மதினியின் பிரசவப் பதிவைப் பார்த்து, ரத்த டெஸ்டில் தொற்று எதுவும் இல்லை, இன்னொரு பிள்ளைக்கும் பால் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகுதான் வீட்டுப் படி ஏறியிருக்கிறார். அன்றிலிருந்து வேலைக்குப் போகாமல் இங்கேயே இருந்து இரண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்திருக்கிறார்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இவர் அக்காவைப் பார்த்தார்.

"நாந்தான் சொல்ல வேண்டாம்னேன்" என்றார் மதினி. "சொன்னா ஒனக்கு அங்க வேல ஓடுமா? போன காரியம் கெட்டுரும்லா."

நான் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் சொன்னதை இழுத்து, தப்பு மதினி, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று திக்கித் திணறிச் சொன்னேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லவில்லை.

"நீ பேசினது வலிச்சுச்சு. இல்லேன்னு சொன்னா பொய்யி" என்றார். "அது வேற, இது வேற. இவன் போன் போட்டப்ப பின்னால பிள்ள அழுதா. அந்தச் சத்தத்தக் கேட்டு எனக்கு அங்க பால் சொரந்துருச்சு. பொறவு என்னத்த யோசிக்க?"

எனக்குச் சென்னை ஏர்போர்ட் ஞாபகம் வந்தது. எவர் பிள்ளையோ சிணுங்கியதற்கு என் ரவிக்கை நனைந்தது. அதை அவரிடம் சொன்னேன். அப்போதுதான் மதினி முதல் முறையாகச் சிரித்தார்.

பாப்பா அன்று சாயங்காலம் வரை என்னிடம் வரவில்லை. மதினி அவளைத் தன் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் ஒட்டி உட்காரச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் சாய்த்து, கடைசியில் என் மடிக்கு மாற்றிவிட்டார். மகள் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடிக்க ஆரம்பித்தாள். மதினி எழுந்து போய்த் தன் பையனுக்குச் சோறு பிசைந்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு இரண்டு முறை வெளிநாடு போய்வந்தேன். இரண்டு முறையும் முதலாளிக்குச் சரி சொல்வதற்கு முன்னால் மம்சாபுரத்துக்குப் போய் மதினியிடம் கேட்டேன். ஒரு முறை சரி என்றார். இன்னொரு முறை, பிள்ளைக்கு இருமல் நிற்கட்டும், ஒரு வாரம் தள்ளிப் போ என்றார். தள்ளித்தான் போனேன். வேலையையும் பிள்ளையையும் எப்படித்தான் சமாளிக்கிறாயோ என்று ஆபீஸில் யாராவது மெச்சும்போதெல்லாம், நான் இல்லாத அந்த நாட்களில் என் மகளைப் பசியில்லாமல் வைத்திருந்தவரிடம் அதற்கு முன்பு நான் எப்படிப் பேசினேன் என்பதுதான் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.